டீக்கடையில் கியூ.ஆர்... ஆஸ்பத்திரியில் ஓ.டி.பி! - பாலக்கோட்டில் ஒரு காலை

பாலக்கோட்டுக்குப் பொழுது விடிவது தக்காளிச் சந்தையில்தான். தர்மபுரியிலிருந்து ஓசூர் சாலையில் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் தக்காளி ஏலம் போய், லாரி ஏறி வெளியூர் கிளம்பிவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியிலும் விலை பேசுவது காதில் விழும். டீக்கடையில் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது.

அதே கியூ.ஆர். இப்போது அரசு மருத்துவமனைகளின் ஓ.பி. கவுன்டர்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுக்கத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 'ஆபா' எனப்படும் 14 இலக்க எண். அட்டையை ஸ்கேன் செய்தால் டோக்கன் வரும். பழைய ரிசல்ட், மருந்துச் சீட்டு எல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்துகொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

மாரண்டஅள்ளி பக்கத்துக் கிராமத்திலிருந்து சுகர் மாத்திரை வாங்க பஸ் ஏறும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எண் உருவாக்க ஆதார் வேண்டும். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்த போன் மகனிடம். மகன் பெங்களூரில் கட்டட வேலையில். இந்த ஊர் வழியாகத்தான் சேலம் - பெங்களூரு ரயில் பாதை போகிறது. பிழைப்பும் அதே திசையில்தான். சாரத்தில் நிற்கிறவர் போனை எடுத்து எண் சொல்வதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும்.

கைரேகை வைக்கலாமே? களை பறித்து, கரும்பு வெட்டித் தேய்ந்த விரலை இயந்திரம் பல நேரம் ஏற்பதில்லை. அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், பழைய ஓ.பி. சீட்டில் இனிஷியலே இல்லை. கணினிக்கு அவர்கள் மூன்று பாட்டிகள்!

கவுன்டருக்கு அந்தப் பக்கமும் சிரமம் உண்டு. உலக வங்கி உதவியுடன் 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்திலேயே அரசு மருத்துவமனைகளுக்குக் கணினிப் பதிவு வரத் தொடங்கிவிட்டது. ஆனால் நோட்டிலும் எழுதணும், கணினியிலும் ஏற்றணும் என்பது செவிலியர்களின் நெடுநாள் புலம்பல். வரிசை வாசல் வரை நிற்கும்போது எது முதலில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தச் சிக்கலைக் கொஞ்சம் சுற்றிப் போகிறது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து, தானே செயலியில் பதிகிறார். பாட்டியிடம் போன் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. வீடு மலைமேல் இருந்தால்? பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களே கழுதை முதுகில் போன மாவட்டம் இது. இயந்திரத்தைக் கழுதை சுமக்கும், சிக்னலைச் சுமக்காது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஆபா எண் விருப்பத்தின் பேரில் எடுப்பதுதான். அது இல்லையென்று சிகிச்சையை மறுக்க முடியாது. ஆனால் பாட்டியை தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், அவர் இதுவரை சாப்பிட்ட மாத்திரை எது என்பது அங்கிருக்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் மஞ்சப்பைக்குள் அந்த நோட்டு, நான்காக மடித்த லேப் சீட்டு, காலியான மாத்திரை அட்டை. மழைக்காலமானால் மேலே ஒரு பாலித்தீன் கவர்.