நாலரை இன்ச் சுவரும் நாலரை மணி கிரைண்டரும்

வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு எப்பவும் ரெண்டு ஓனர். ஒருத்தர் மாசம் பொறந்தா வாடகை வாங்கறவர். இன்னொருத்தர், நாம எப்போ தூங்கணும், எப்போ எந்திரிக்கணும்னு முடிவு பண்ற பக்கத்து போர்ஷன்காரர்.

நான் குடியிருக்கறது மடிப்பாக்கத்துல. ஒரே வீட்டை நடுவுல சுவர் எழுப்பி ரெண்டு போர்ஷனா பிரிச்சிருக்காங்க. சுவர் நாலரை இன்ச், அதாவது ஒரு செங்கல்லோட அகலம்தான் மொத்த கனமும். அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் 'நூறாயுசு' சொல்லலாம் :-)

அந்தப் பக்கம் ஒரு அக்கா. இட்லி மாவு அரைச்சு நாலஞ்சு கடைக்குப் போடறாங்க. பெரிய டில்டிங் கிரைண்டர். காலைல நாலரைக்கு ஓட ஆரம்பிக்கும். நமக்கோ அமெரிக்க கிழக்குக் கரை கிளையன்ட். அவங்களுக்கு சாயங்காலம் நாலு மணின்னா நமக்கு ராத்திரி ஒன்றரை. கால் முடிஞ்சு படுக்க ரெண்டு ஆகிடும். கணக்கு போட்டுப் பாருங்க, மொத்த தூக்கம் ரெண்டரை மணி நேரம்.

ஆபீஸ்ல சொன்னா, ஆளுக்கொரு யோசனை. ஒருத்தன் முட்டை அட்டையை சுவர்ல ஒட்டச் சொன்னான். மக்களே, அதை நம்பாதீங்க. அது ரூமுக்குள்ள எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அடுத்த வீட்டுச் சத்தத்தைத் தடுக்க கனம் வேணும். நாலரை இன்ச்சை ஒன்பது இன்ச் ஆக்கினாக்கூட கூடுதலா குறையறது அஞ்சாறு டெசிபல்தான்.

இன்னொருத்தர் போலீஸ் கம்ப்ளைன்ட் கொடுன்னார். சட்டம் நம்ம பக்கம்தான். 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில அந்த நேரத்து அளவு 45 டெசிபல், பகல்ல 55. அளவைவிட பத்து டெசிபலோ அதுக்கு மேலயோ போனா புகார் பண்ணலாம்.

ஆனா ஹவுஸ் ஓனர்கிட்ட பேச்சை எடுத்ததுமே வேற ஒண்ணு புரிஞ்சுது. "தம்பி, போலீஸ் வந்தா அடுத்து ஈபிக்காரன் வருவான். வீட்டு கனெக்‌ஷன்ல வியாபாரம்னு என் மேல பாயுவான். அந்தம்மாவைக் காலி பண்ணச் சொல்லிடறேன், நீங்க நிம்மதியா தூங்குங்க"ன்னார். ரொம்ப சுலபமா சொல்லிட்டார். ரெண்டு பசங்க ஸ்கூல் ஃபீஸ் அந்தக் கல்லு சுத்தறதுலதான் வருது. என் தூக்கத்துக்கு விலை அதுன்னா, அந்த வியாபாரம் எனக்குக் கட்டுப்படியாகலை. "கொஞ்சம் பொறுங்க சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை அக்காகிட்டயே போனேன். "தம்பி, ஆறரைக்கு கடைக்குப் போகணும், நான் என்ன பண்றது?"ன்னாங்க. கோபமா இல்லை, நிஜமாவே கேட்டாங்க. உள்ள போய்ப் பார்த்தா விஷயம் தெரிஞ்சுது. கிரைண்டர் நடுச்சுவரை இடிச்சுக்கிட்டு நிக்குது. கேட்டா, அந்த வீட்டுல பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் அங்க மட்டும்தான் இருக்கு!

காத்து வழியா வர்ற சத்தம் வேற, கட்டடம் வழியா வர்ற அதிர்வு வேற. கிரைண்டர் விஷயத்துல என்னை எழுப்பினது ரெண்டாவது. அது தரையில இறங்கி, சுவர்ல ஏறி, நேரா என் தலகாணிக்கு வந்துச்சு. காதுல பஞ்சு வச்சாலும் போகாது.

எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பின்பக்கச் சுவர்ல ஒரு பாயின்ட் இழுத்தோம். செலவு ஆளுக்குப் பாதி. ஓனர்கிட்ட சம்மதம் வாங்கறதுதான் பெரிய வேலையா இருந்துச்சு. கிரைண்டரை அங்க நகர்த்தி, அடியில கனமான ரப்பர் ஷீட் ரெண்டு அடுக்கு போட்டோம். ராத்திரியே ஒரு ஈடு அரைச்சு வச்சுட்டு, மிச்சத்தை அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கறேன்னு அக்கா சொன்னாங்க.

சத்தம் முழுசா போயிடலை. தூரத்துல லாரி நிக்கற மாதிரி ஒரு உறுமல் இருக்கு. ஆனா தூக்கம் கலையலை. இதே மாதிரி மாட்டிக்கிட்டு இருக்கற மகாஜனங்களுக்கு என் சிபாரிசு இதுதான்: சட்டத்தைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, தேவைப்படும். அதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துச் சுவர்ல பிளக் பாயின்ட் எங்க இருக்குன்னு ஒருதடவை போய்ப் பாருங்க.