மூன்றே குமிழ்கள்

கித்தார் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது குமிழ்களைத்தான். பாஸ், மிடில், ட்ரெபிள், கெய்ன், மாஸ்டர், ரிவெர்ப் என்று முகப்பு நிறைந்திருந்தால் கொடுத்த காசுக்கு நியாயம் கிடைத்ததாகத் தோன்றும். நான் வாசிக்கும் டியூப் (வால்வு) ஆம்பில் இருப்பவை மூன்று: சேனலுக்கு ஒன்றாக இரண்டு வால்யூம், ஒரு டோன். 1955 முதல் 1960 வரை, கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் செய்த ட்வீட் டீலக்ஸின் சுற்றைப் பின்பற்றிக் கையால் கட்டியது. அந்தச் சுற்றின் பெயர் 5இ3. மூன்று குமிழ் போதுமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இவை திருப்பி வைத்துவிட்டு மறந்துபோவதற்கானவை அல்ல, இவற்றையும் வாசிக்க வேண்டும்.

உள்ளே ஒலியைக் கடைசியாகப் பெருக்குபவை இரண்டு 6வி6 வால்வுகள். 1930களில் வானொலிப் பெட்டிகளுக்கென்று வந்த குடும்பம் அது. வீட்டில் வால்வு ரேடியோ இருந்தவர்களுக்கு, சுவிட்சைப் போட்டபின் சூடேறக் காத்திருந்த அந்தச் சில விநாடிகள் நினைவிருக்கும். இங்கும் அதே காத்திருப்பு. திறன் ஏறத்தாழ 12 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. 12 வாட்தானே என்று அடுக்குமாடி வீட்டில் முழுக்கத் திருப்பிவிடாதீர்கள்; பக்கத்தில் ட்ரம்ஸ் முழங்கினாலும் இதன் குரல் தனியாகக் கேட்கும்.

வால்யூமில் எண்கள் 12 வரை போகின்றன. 3 வரை ஒலி தெளிவாக இருக்கும். 4ஐ நெருங்கும்போது, அழுத்தி மீட்டிய சுரங்களின் விளிம்பு மட்டும் கரகரக்கத் தொடங்கும். 6ஐத் தாண்டினால் சத்தம் பெரிதாகக் கூடுவதில்லை, தடிப்புதான் கூடுகிறது. பிற்கால ஆம்ப்கள் பலவற்றில் வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி ஒலியைக் கட்டுக்குள் வைப்பார்கள். 5இ3இல் அந்தக் கடிவாளம் இல்லை. அதனால் தெளிவு முடிந்து கரகரப்பு தொடங்கும் இடத்தில் கோடு கிழிக்க முடியாது. இன்னொரு காரணம், மின்சாரத்தை நேர்மின்னாக்கும் 5ஒய்3 வால்வு. ஓங்கி மீட்டினால் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்து, சுரம் அடங்க அடங்க மீள்கிறது. அடித்த கணத்தில் ஒலி சற்று அமுங்கிப் பிறகு மலரும். கை அதைக் கற்றுக்கொண்டபின், வால்வு இல்லாத ஆம்பில் வாசிக்கையில் ஏதோ குறைவதை விரல்தான் முதலில் உணரும்.

எனக்கு மிகப் பிடித்த விஷயம், பயன்படுத்தாத சேனலின் வால்யூம். கித்தாரை ஒரு சேனலில் மட்டும் செருகியிருக்கிறேன். மற்றதில் எதுவும் இல்லை. ஆனாலும் அதன் குமிழைத் திருப்பினால் என் ஒலி மாறுகிறது. இரண்டு வால்யூம்களும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. ஒன்றைத் திருப்பினால் மற்றதன் சமிக்ஞையும் கொஞ்சம் அந்த வழியே கசியும். பாதி தூரம் வரை மாற்றம் மெல்லியது. அதற்கு மேல் கரகரப்பு தணிந்து ஒலி பின்வாங்கும். கடைசி எண்ணில் சத்தமே நன்றாகக் குறைந்துவிடும். இதைக் குறை என்று திருத்திக் கட்டுபவர்களும் உண்டு. எனக்கோ அது சொந்தச் சேனலைத் தொடாமல் கரகரப்பின் அளவை நுணுக்கமாகச் சரிசெய்யும் வழி. அதைத் திருத்திவிட்டால் அது 5இ3 அல்ல.

டோன் ஒரே குமிழ். உச்ச ஒலிகளை ஒரு பக்கம் வெட்டும், மறு பக்கம் ஏற்றும். பாஸைக் குறைக்கத் தனி வழி இல்லை. ஹம்பக்கர் பிக்கப் உள்ள கித்தாரை இதில் செருகி முழு வால்யூமில் வாசித்தால் கீழ்த்தந்திகள் குழைந்துபோகும். அப்போது பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறுங்கள், கித்தாரின் வால்யூமைக் குறையுங்கள்.

அந்தக் கித்தார் வால்யூம்தான் இந்த ஆம்பின் நான்காவது குமிழ். ஆம்பை 7இல் நிறுத்திவிட்டு, ரிதத்துக்குக் கித்தாரை 5க்கு இறக்கினால் ஒலி தெளிகிறது. தனி வாசிப்புக்கு 10க்கு ஏற்றினால் கொதிக்கிறது. ஒரு எச்சரிக்கை: கித்தாரைக் குறைக்கும்போது உச்ச ஒலிகளும் சற்று மங்கும். அதனால் கித்தார் 6இல் இருக்கும்போதே ஆம்பின் டோனைச் சரிசெய்துவிடுவேன். ராக் கலைஞர் நீல் யங் இந்த விளையாட்டை இன்னும் தூரம் கொண்டுபோனார். அவருடைய பழைய ட்வீட் டீலக்ஸின் மேல் விஸ்ஸர் என்ற கருவி உட்கார்ந்திருக்கும். அவர் காலால் மிதித்தால், அது குமிழ்களை உண்மையாகவே சுற்றிக் குறித்த இடத்தில் நிறுத்தும். ஒரு பெடலைச் சேர்த்திருந்தால் வேலை எளிது. ஆனால் அவர் தேடியது குமிழ் நகரும்போது அந்த ஆம்பிலேயே பிறக்கும் ஒலி.

இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், சுவிட்சைப் போடுமுன் பின்புறத்தைப் பாருங்கள். அமெரிக்காவுக்கென்று செய்தவை 120 வோல்ட்டுக்கானவை. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது, ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் ஒருபோதும் இயக்காதீர்கள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடலாம். பழுது பார்க்கத் தெரிந்தவர் அல்லாமல் யாரும் உள்ளே கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.