தோளளவு

மிஸ்திரி என் முழங்கையை மடக்கச் சொன்னார். மடங்கிய இடத்தில் துப்பாக்கியின் பின்கட்டையை முட்டுக்கொடுத்து, ஆள்காட்டி விரல் விசையில் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்தார். விரல் நுனிதான் எட்டியது. "உனக்கு இது ஒரு அங்குலம் நீளம், பேட்டீ. இதை வைத்துச் சுட்டால் கட்டை தோள் குழியில் உட்காராது. கைச்சதையில்தான் உதைக்கும்."

கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாம் ஒன்றில் .303 ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டேன். வலது புஜம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போனது. இறுக்கிப் பிடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். என் பலவீனம்தான் காரணம் என்று நானும் நம்பினேன். அந்த ரைஃபிளுக்கு எல், என், எஸ் என்று அரை அங்குல வித்தியாசத்தில் மூன்று நீளங்களில் பின்கட்டை உண்டு என்பதும், இரும்பு முடிந்து மரம் தொடங்கும் இடத்தில் அந்த எழுத்தைப் பொறித்திருப்பார்கள் என்பதும் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. முதல் உலகப் போரில் குள்ளமான சிப்பாய்களுக்கென்று 'பான்டம்' என்ற இன்னும் சிறிய கட்டைகூடச் செய்திருக்கிறார்கள். எனக்குத் தந்ததில் என்ன எழுத்து இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் ஆளில்லை.

அந்த வலிதான் என்னைப் பீகாரின் முங்கேருக்குக் கூட்டிவந்தது என்று சொல்லலாம். ஜமால்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் கங்கைக் கரைக்கு வந்தால் கோட்டைச் சுவர் தெரிகிறது. 1760-களின் தொடக்கத்தில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து இங்கே மாற்றினார். ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்க்க, அவருடைய ஆர்மீனியத் தளபதி குர்கின் கான் இங்கே ஆயுதப் பட்டறைகளை நிறுவினார். நவாப் தோற்றார். பட்டறைக் கைகள் ஊரிலேயே தங்கிவிட்டன. இன்று அரசு உரிமத்தோடு இங்கே செய்வது 12 போர் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள்.

சாச்சா என்றுதான் மிஸ்திரியை அழைத்தேன். எழுபதை நெருங்குகிறார். இரும்பு வேலை தெரியாது என்று அவராகவே சொன்னார். அவர் வேலை கட்டை மட்டும். இந்தியில் குந்தா என்கிறார்கள். காஷ்மீர் அக்ரூட் மரம். பலகையைத் தட்டிப் பார்க்கிறார், பிறகு நெடுநேரம் ரேகையைப் பார்க்கிறார். கை பற்றும் கழுத்துப் பகுதியில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் உதையிலேயே கட்டை அங்கே பிளந்துவிடும்.

உதையை ஒழிக்க முடியாது. சுமார் 32 கிராம் ஈயக் குண்டுகள் விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்ந்தால், கூடவே சீறும் வாயுவையும் கணக்கில் எடுக்கும்போது, 3 கிலோ துப்பாக்கி விநாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் பின்னால் வந்தே தீரும். கட்டைக்குள் துளைபோட்டுக் கால் கிலோ ஈயம் வைத்தால் உதையின் ஆற்றலில் நூற்றுக்கு எட்டுப் பங்கு போலக் குறையும். அடியில் ரப்பர் பட்டை வைத்தால் அதே அடி சற்று நேரம் எடுத்து, பரவலாக விழும். சாச்சா இரண்டையும் செய்வார். ஆனால் முதலில் அளவுதான். கட்டை அதிகம் கீழே வளைந்திருந்தால் குழல் மேலே துள்ளும், மேல்விளிம்பு கன்னத்தில் அறையும். வலக்கைக்காரருக்குக் கட்டையை ஒரு நூல் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். இல்லையென்றால் கண்ணைக் குழலுக்கு நேரே கொண்டுவரக் கழுத்தைத் திருக வேண்டியிருக்கும்.

அடுத்த வேலையை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரும்புப் பாகத்தை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றுகிறார். குடைந்த மரத்தில் அதை வைத்து அழுத்தி எடுக்கிறார். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் துருத்துகிறது. உளியால் ஒரு சீவல். மறுபடி புகை, மறுபடி அழுத்தல், மறுபடி சீவல். பின்பக்கம் முழுக்க ஒரே சீராகக் கரி படியும்வரை இது நடக்கும். ஓரிடத்தில் மட்டும் இரும்பு முட்டிக்கொண்டிருந்தால் உதை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி மரத்தைப் பிளக்கும். எத்தனை தடவை என்று எண்ணத் தொடங்கி, முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். இதற்குக் கூலி கட்டைக் கணக்கில்தான், மணிக் கணக்கில் இல்லை.

சாச்சாவும் நானும் போன தேநீர்க் கடையில், ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சேர்ந்துகொண்டார். புதிய ரைஃபிள்களில் கட்டை குழலுக்கு நேர்கோட்டில் இருப்பதால் உதை நேராகத் தோளுக்கு வருகிறது, முனை அவ்வளவாக எழும்பாது என்றார். எம்-4 வகைகளில் பின்கட்டையின் குழாய்க்குள் ஸ்பிரிங்கும், அதன் முன்னால் பஃபர் என்ற உருளையும் இருக்கும். சாதாரண பஃபர் 85 கிராம். உள்ளே உள்ள எஃகு வில்லைகளுக்குப் பதில் டங்ஸ்டன் போட்டால் 130, 155 என்று எடை ஏறும். பின்னே பாயும் போல்ட்டின் வேகம் தணிந்து, குழாயின் அடியில் மோதும் அதிர்ச்சி குறையும். வில்லைகள் உள்ளே நகரக்கூடியவை. பிரேக் போட்டதும் பஸ்ஸில் நிற்பவர்கள் ஒரு கணம் தாமதமாக முன்னே சாய்வதுபோல, போல்ட் மூடியபின் வந்து முட்டி அதைத் துள்ளவிடாமல் அழுத்தும். எடை அளவுமீறினால் போல்ட் முழுதாகப் பின்வாங்காது, காலித் தோட்டா சிக்கிக்கொள்ளும். சாச்சா கவனமாகக் கேட்டார். "அங்கேயும் அளவுதானா?" என்றார்.

பட்டறையில் பாதி மேசைகள் காலி. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கிடைப்பது அரிது. 2019 சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. துப்பாக்கி குறைவதில் எனக்கு வருத்தமில்லை. இந்தக் கைகளுக்கு வேறு வேலை தராமல் விட்டதுதான் பொறுக்கவில்லை. முங்கேர் என்றதும் நாடு கள்ளத் துப்பாக்கியைத்தான் நினைக்கிறது. வேலையிழந்த கைகளைத் தேடிக் கள்ளப் பட்டறைக்காரன் வருகிறான், வேறு யாரும் வருவதில்லை. சாச்சாவின் மகன் சூரத்துக்குத் துணி ஆலைக்குப் போய்விட்டான். தப்பித்தான் என்றுதான் அவர் சொல்கிறார்.

பக்கத்து ஜமுயைச் சேர்ந்த ஷ்ரேயசி சிங் 2018 காமன்வெல்த் போட்டியில் இரட்டை டிராப் பிரிவில் தங்கம் வென்றவர். அந்தப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் துப்பாக்கி அன்று மேசையில் இருந்தது. சாச்சா கட்டையின் அடியில் முக்கால் அங்குலத்தை ரம்பத்தால் அறுத்தார். விழுந்த துண்டைக் குப்பையில் போடாமல், பென்சிலால் அவள் பெயரை எழுதி, துளையிட்டு, சுவர் ஆணியில் மாட்டினார்.

"வளரும் பிள்ளை. இரண்டு வருடத்தில் கை நீண்டுவிடும். அப்போது இதையே ஒட்டினால்தான் ரேகை சேரும்."

ஆணியில் வேறு சில துண்டுகளும் தொங்கின. இரண்டில் பென்சில் எழுத்து அழிந்துபோயிருந்தது. அவை யாருடையவை என்று கேட்டேன். எடுத்து வெளிச்சத்தில் திருப்பி ரேகையைப் பார்த்தார், பெயர் நினைவுக்கு வரவில்லை. துடைத்து மறுபடி மாட்டினார்.