2020 போதுமா, 2024 வேண்டுமா?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 வாங்கிட்டியா என்று நண்பர்கள் துளைக்கிறார்கள். புதியதில் காட்டுத்தீ அணைக்கலாம், வயலுக்கு மருந்தடிக்கலாம், விமானத்தைவிட்டு இறங்கி நடக்கலாம். ஆசைதான்!

ஆனால் வன்தட்டில் இடம் மிச்சம் என்று அவர்கள் சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2020 நூறு ஜிபிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். 2024-இல் பெரும்பகுதி, பறக்கும்போதுதான் இணையத்திலிருந்து இறங்கும். பரிந்துரை: நொடிக்கு 50 மெகாபிட், 32 ஜிபி ராம். என்னிடம் 16. ஐப்பசி மழைக்கு எங்கள் வானூரில் இணைப்பும் படுத்துவிடும்.

நான் பறப்பதோ புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் சுமார் 1,500 மீட்டர் ஓடுதளத்திலிருந்து. ஏடிஆர் 72-இல் ஏறி, கழுவெளி, மரக்காணம் உப்பளம், திரும்ப வீடு. இதற்குப் பழசே தாராளம். முதலில் ராம் வாங்குகிறேன். தை மாதம் தள்ளுபடி வந்தால் யாராவது சொல்லுங்க.