இஃப் பக்கம் ஒரு வில்

அன்புள்ள இங்கிலீஷ் டீச்சருக்கு,

பத்தாம் வகுப்புக்கு 'இஃப் கிளாஸ்' நடத்துகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன். நன்றி மட்டும் உங்களுக்கு.

நோட்ஸில் இஃப் வாக்கியத்துக்கு இரண்டே வரி. இஃப் இருக்கும் பக்கம் சிம்பிள் பிரசன்ட், மறுபக்கம் வில். பரீட்சைக்கு அதுவே போதும். "நாளைக்குப் பெய்யப்போற மழைக்கு எதுக்கு டீச்சர் பிரசன்ட்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். ரூல் அப்படித்தான் என்று உட்காரவைத்திருக்கலாம். நீங்கள் 'நாளை மழை பெய்தால் மேட்ச் நின்றுவிடும்' என்று போர்டில் எழுதி, 'பெய்தால்' என்பதில் 'த்'தை மட்டும் வட்டமிட்டீர்கள். "பெய்தது என்பதில் வர்ற அதே த்தான். நாளைய மழையை நாம இறந்தகாலத்துல சொல்றோம், இங்கிலீஷ்காரன் நிகழ்காலத்துல சொல்றான். யாருப்பா விசித்திரம்?" வந்தால், போனால், சொன்னால் என்று வகுப்பே பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. தமிழ் இலக்கணம் எனக்கு இங்கிலீஷ் பீரியடில்தான் பிடிபட்டது என்றால் தமிழ் ஐயா கோபித்துக்கொள்வார்.

'இஃப் யூ கம் மீன்ஸ்' என்று நாங்கள் பேசியதற்கும் நீங்கள் சிரிக்கவில்லை. 'வந்தேன்னா'வில் இருக்கும் 'ன்னா'தான் அந்த மீன்ஸ். இஃப் சொன்னபிறகு அதற்கு வேலையில்லை என்றீர்கள். அன்லெஸ்ஸுக்குள் ஏற்கெனவே ஒரு நாட் இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்பதும் அதே வாரத்தில்தான்.

இப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் மெயில் எழுதுவது என் வேலை. 'இஃப் யூ பே த டெமரேஜ், வி வில் இஷ்யூ த டெலிவரி ஆர்டர்.' தாமதக் கட்டணத்தைக் கட்டினால் சரக்கை எடுக்க ஆர்டர் தருவோம். இதையே 'இஃப் யூ வில் பே' என்று எழுதினால், கட்டச் சம்மதித்தாலே போதும் என்று எதிராளி அர்த்தம் பண்ணிக்கொள்ள இடமுண்டு. பணம் வருமுன் கண்டெய்னர் கேட்டைத் தாண்டினால் யார் பதில் சொல்வது?

இஃப் பக்கம் வில் வரவே வராது என்றுதான் பல கைடுகள் அடித்துச் சொல்கின்றன. "வரும். வந்தா அது பெரும்பாலும் காலத்தைச் சொல்லாது, மனசைச் சொல்லும்" என்றவர் நீங்கள். மதிப்பெண்ணுக்கு உதவாத அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறேன், உங்கள் பேரைச் சொல்லியே.

இப்படிக்கு,
தங்கள் மாணவன்