ஆளைக் காட்டும் ‘இல்லை’

பின்லாந்து மக்கள் அன்றாடம் வழங்கும் சிறு சொல்லொன்று ‘எய்’. அகராதியைப் புரட்டினால் ‘இல்லை’ என்று பொருள் கூறும். இலக்கணத்திலோ அது ஒரு வினைச்சொல். ஆளுக்கேற்ப உரு மாறுவது.

‘புஹுன்’ என்றால் பேசுகிறேன். பேசுவதில்லை என்பதற்கு ‘என் புஹு’ என்பர். பேசுதலைக் குறிக்கும் வினை தன் விகுதியை இழந்து வெறுமனே நிற்க, எதிர்மறைச் சொல்லே ஆளைச் சுமக்கிறது. நான் எனில் ‘என்’, நீ எனில் ‘எத்’, அவனுக்கும் அவளுக்கும் ‘எய்’, நாங்கள் ‘எம்மே’, நீங்கள் ‘எத்தே’, அவர்கள் ‘எய்வாத்’.

ஹெல்சிங்கியில் வாழும் என் சகோதரியின் மகள்தான் இதனை எனக்கு விளக்கினாள். பால் வேண்டுமா என்று கேட்டால் அவளுடைய சிறுவன் ‘என்’ என்று மறுப்பானாம். அந்த ஓரசைக்குள் மறுப்பும் இருக்கிறது, மறுப்பவனும் இருக்கிறான்.

‘என்’, ‘எம்மே’ என்ற ஒலிகளைக் கேட்டவுடன் உறவு கொண்டாடத் தோன்றும். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட மொழிக் கூட்டத்தோடு தொடர்புபடுத்தினார். இன்றைய மொழியியலாளர் பொதுவாக அதனை ஏற்பதில்லை. ஒலி ஒப்புமை தற்செயலே.

எனினும் ஆளைக் காட்டும் எதிர்மறை நமக்குப் புதிதன்று. அறியேன், அறியாய், அறியான் என்றனர் முன்னோர். வரமாட்டேன், வரமாட்டார் என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் நடந்ததை மறுக்கும்போது ‘இல்லை’ வந்துவிடுகிறது. நான் செய்யவில்லை, அவர்கள் செய்யவில்லை. எழுவாயை நீக்கினால் ஆள் மறைந்துவிடுகிறார்.

பின்னிஷ் மொழியிலும் ஒளிவிடம் உண்டு. ‘எய் தியெதெத்தா’ என்றால் ‘அறியப்படவில்லை’. அறியாதவர் எவரென்று அது கூறாது. ஆனால் பொதுத்தர நடையில் ‘நாங்கள் செய்யவில்லை’ என்று சொல்ல முற்பட்டால் ‘எம்மே’ என்று வாய் திறந்தே ஆக வேண்டும்.

போர்க்காலத்தில், காணாமற்போன இளைஞர் ஒருவரைப் பற்றி அலுவலகமொன்றில் விசாரித்தேன். ‘கைதுசெய்யவில்லை’ என்பதே பதில். நாங்கள் செய்யவில்லை என்பதா, எவருமே செய்யவில்லை என்பதா? மீண்டும் கேட்டேன். அதே ஒற்றைச் சொல்தான் வந்தது. மறுநாள் பத்திரிகையிலும் அவ்வாறே அச்சேறியது.

செய்தியைப் படித்துவிட்டு அவருடைய தாயார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஆர் தம்பி செய்யேல்லை எண்டவை?”