குஸ்கோவில் மூச்சு வாங்குகிறது!

பெரு தேசத்தின் தலைநகரமாகிய லிமா, கடற்கரைப் பட்டணம். அங்கே ஆகாய விமானம் ஏறினால், ஒன்றரை மணி நேரத்திற்குள் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோவில் இறங்கிவிடலாம். பிரயாணிகளின் கஷ்டமெல்லாம் இந்தச் சௌகரியத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது! அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை மூன்றும் வரவேற்புக் கமிட்டியைப்போல் வந்து சூழ்ந்துகொள்ளும். ஹோட்டல்களில் கொடுக்கும் கோக்கா இலைக் கஷாயம் இதமாயிருக்கும். ஆனால் அந்த இலையை ஞாபகார்த்தமாகப் பெட்டியில் வைத்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தால், சட்டப்படி குற்றம்.

இன்காக்களின் மலை நகரமாகிய மச்சு பிச்சுவை மறுநாளே பார்த்துவிட ஏற்பாடு செய்தவர்களின் பாடு பரிதாபந்தான். அனுமதிச் சீட்டில் தேதியும் மணியும் குறித்திருக்கும். தலைவலிக்காக அது காத்திராது. வாசலில் பாஸ்போர்ட்டையும் காட்டவேண்டும். குஸ்கோவிலிருந்து மலையடிவார ஊர் வரையில் மோட்டார் ரஸ்தாவும் கிடையாது, ரயிலைத்தான் நம்பவேண்டும்.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. மச்சு பிச்சுவின் உயரம் 2,430 மீட்டர். அதாவது குஸ்கோவைவிடத் தாழ்வு. ஆகையால் விமானத்தை விட்டு இறங்கியதும், சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒயான்தைதாம்போவுக்குச் சென்று இரண்டு தினங்கள் தங்குவது உத்தமம். ரயிலும் அங்கிருந்து கிடைக்கும். குஸ்கோவைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்படியும் உட்கார்ந்திருக்கையிலேயே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, செலவழித்த பணத்தை எண்ணிக்கொண்டிராமல் உடனே வைத்தியரை நாடித் தாழ்வான இடத்துக்கு இறங்கிவிடவேண்டும். தாமதித்தால் உயிருக்கே அபாயம்.